ஒன்பதாவது யோசனை

பஸ் டிப்போவில் முப்பத்திநாலு வருஷம் டைம்கீப்பராக இருந்தவரை, ரிட்டயர் ஆன பிறகும் எல்லாரும் டைம்கீப்பர் என்றேதான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வண்டி கிளம்பும்போது திரும்ப வேண்டிய நேரத்தை டிரிப் ஷீட்டில் எழுதிக் கொடுப்பதும், வந்து நின்றதும் அதை வாங்கி, தலைக்கு மேல் தொங்கும் டிப்போ கடிகாரத்தைப் பார்த்து, வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவர் வேலை. மூன்று நிமிஷம் லேட் என்றால் மூன்று நிமிஷம் லேட்தான். டிரைவர் கெஞ்சினாலும் சரி, கண்டக்டர் சண்டைக்கு வந்தாலும் சரி, அந்த மூன்று இரண்டாகாது. வேறு டிப்போவுக்கு மாற்றல் கிடைத்துப் போனால், முதல் காரியமாக அந்த டிப்போ கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார். நிற்கிற இடத்துக் கடிகாரம் சொல்வதுதான் நேரம், மற்றதெல்லாம் வெட்டிப்பேச்சு என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர்தான் அன்றைக்குக் காலையிலிருந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். காகிதத்தின் தலையில் ‘கப்பல் சுற்றுலா: மூத்த பயணிகளுக்குச் சில யோசனைகள்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டாயிற்று. பென்ஷன்தாரர் சங்கத்திலிருந்து ஏழு குடும்பங்கள் கப்பலில் போக முன்பதிவு செய்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசியே ஆக வேண்டும் என்று செயலாளர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம சங்கத்துல கப்பல்ல போய்ட்டு வந்தவங்க நீங்களும் ஓவர்சியரும்தான். ஓவர்சியருக்கு மைக்கைப் பார்த்தாலே வேர்த்துடும். உங்களை விட்டா வேற ஆள் ஏது?"

முதுகு வலி என்றார், தொண்டை சரியில்லை என்றார். செயலாளர் எதற்கும் மசியவில்லை. கடைசியில் தலையை ஆட்டி வைத்தார்.

ஒரு வழியாகப் பதினோரு யோசனைகளை எழுதி முடித்தார். எழுதினாரா, கோழி கிளறினாற்போல் இருந்தது. சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கொடுங்க, நான் நல்லா எழுதித் தரேன். மேடையில நின்னுக்கிட்டு உங்க எழுத்தே உங்களுக்குப் புரியாம முழிக்கப் போறீங்க."

அவளுக்கு அச்சு மாதிரி கையெழுத்து. வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, வலது காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். முட்டித் தேய்மானம். மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது உயிர் போகும்.

"உன் அக்கா மறுபடி போன் பண்ணாளா?" என்று அவர் கேட்டார்.

"பண்ணா." அவள் தலை நிமிரவில்லை. "இடது கண்ணு முழுசாப் போச்சாம். வலது கண்ணுல இப்ப ஆள் தெரியுதாம், முகம் மங்கலாத்தான் தெரியுதாம். அதுவும் இன்னும் ரெண்டு மாசம்தான்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுக்குள்ள ஒரு தடவை வந்து என் முன்னாடி உட்காருடி, பார்த்துக்கறேன்னு அழறா."

"போயிட்டு வந்துடலாமே."

"எப்படிப் போறது? ஜங்ஷன்ல எறங்கி அடுத்த வண்டி மாற வெறும் பத்து நிமிஷம்தான். பாலம் ஏறி எறங்கணும். என்னால ஒரு கப்பலே போச்சு, ரயில் எம்மாத்திரம்? நீங்க மட்டும் போய் அவளைப் பார்த்துட்டு வாங்க. எனக்கு வேண்டாம்."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. காய்கறி விலை சொல்வது போலச் சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். எட்டு மாதமாக இதே பேச்சுதான். கல்யாணம், காட்சி என்று யார் கூப்பிட்டாலும், "நான் வந்தா உங்களுக்கெல்லாம் லேட்டாகும்" என்று ஒதுங்கிக்கொள்வாள். தெருமுனைக் கடைக்குக்கூட அவரோடு சேர்ந்து போவதில்லை. அவர் போய் வந்த பிறகு தனியாகப் போய்வருவாள். டைம்கீப்பர் எழுந்து போய் வாஷ்பேசினில் முகம் கழுவினார். கண்ணாடியை மட்டும் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான்.

கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதற்கு மகள் எடுத்துக் கொடுத்த எட்டு நாள் கப்பல் பயணம். துணைக்கு ஓவர்சியரும் அவர் வீட்டம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். நான்காம் நாள் காலை ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றது. இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலை நாலரைக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். டைம்கீப்பரைத் தவிர மற்ற மூன்று பேரும் வாட்ச் கட்டுகிறவர்கள் அல்ல. வெளிநாட்டில் போனைத் தொட்டாலே பில் எகிறும் என்று நாலு பேரும் போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். "நேரமெல்லாம் நம்ம டைம்கீப்பர் பொறுப்பு. நமக்கு என்ன கவலை?" என்று ஓவர்சியர் முதுகில் தட்டினார்.

காலையில் அறைக் கதவுக்கு அடியில் ஒரு அறிவிப்புக் காகிதம் நுழைந்து கிடந்தது. மேலே பெரிதாக ‘நேரம்’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கே நேரம் சொல்ல வந்துவிட்டானா என்று, படிக்காமலே நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

துறைமுக வாசலில் கோபுரம் மாதிரி ஒரு கடிகாரம். அவர் கைக்கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் குறைவாகக் காட்டியது. பழக்கம் விடுமா? நின்றார், வாட்ச்சின் திருகை வெளியே இழுத்தார், ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார். யாரிடமும் சொல்லக்கூட இல்லை. முப்பத்திநாலு வருஷம் செய்த வேலை அது.

அதற்குப் பிறகு அன்றைக்கு எல்லாமே சாவகாசம்தான். "நெறைய நேரம் இருக்கு, மெதுவாப் போகலாம்" என்று அவரே மூன்று இடத்தில் பெஞ்சைக் காட்டி மனைவியை உட்காரச் சொன்னார். பூங்காவில் ஒரு தடவை, மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தடவை, கடைத்தெருவில் ஒரு தடவை. உட்கார்ந்த இடத்தில் ஓவர்சியர் வீட்டம்மாவும் அவளும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதை பேசினார்கள். கையில் பைகளோடு துறைமுகத்துக்குத் திரும்பியபோது அவர் வாட்ச்சில் மணி நாலு பத்து. கப்பல் நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது. கப்பல் தூரத்தில், போய்க்கொண்டிருந்தது.

ஓவர்சியர் பைகளைக் கீழே போட்டார். அவருடைய இன்சுலின் கப்பல் அறையில் சின்ன ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. அவர் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டைம்கீப்பர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் திரும்பி நின்று பிரித்தார். ‘இன்று கரையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். பயணிகள் தயவுசெய்து கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம். கப்பல் நேரத்தையே பின்பற்றவும்.’

"மணி என்ன?" என்றார் ஓவர்சியர்.

அப்போது செய்ததுதான். முழுக்கைச் சட்டையின் கைப்பட்டிக்குள் விரலை விட்டு, திருகை இழுத்து, முள்ளைப் பழையபடி முன்னால் ஓட்டினார். பிறகு கையை நீட்டிக் காட்டினார்.

"அஞ்சு பத்து. நான் என்ன பண்ணட்டும்? இவ முட்டி வலின்னு மூணு எடத்துல உட்கார்ந்தா."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி விழுங்க அவருக்கு ஒரு நொடி இருந்தது, விழுங்கவில்லை. மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில் போகிற கப்பலைப் பார்த்தாள். பிறகு தன் முட்டியைப் பார்த்தாள். "ஆமா, என்னாலதான்" என்றாள்.

இரண்டு நாள் அந்த ஊரிலேயே மாட்டிக்கொண்டார்கள். ஓவர்சியருக்குச் சர்க்கரை ஏறி ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. வராண்டாவில் அவர் வீட்டம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு டைம்கீப்பர் மனைவி மன்னிப்புக் கேட்டாள். ஒரு தடவை அல்ல, விழித்திருந்த நேரமெல்லாம். டைம்கீப்பர் பக்கத்தில்தான் நின்றார், மண்ணாங்கட்டி மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை சங்க ஹாலில் அறுபது நாற்காலி, அத்தனையிலும் ஆள். வழக்கமாக வெளியே வராத மனைவி அன்றைக்கு வந்திருந்தாள். செயலாளர் மனைவி வீட்டுக்கே வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இவள் கதவோரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எழுந்து போனால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று. முன் வரிசையில் ஓவர்சியர் தம்பதி. அவர்களுக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியார், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. அந்த மனுஷர் கல்யாணத்துக்குப் போனால்கூடக் குறிப்பெடுப்பார்.

மனைவி எழுதிக் கொடுத்த தாளை டைம்கீப்பர் பிரித்தார். பேச ஆரம்பித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அறை எடுக்கும்போது கீழ்த் தளத்தில், கப்பலின் நடுவாகப் பார்த்து எடுங்கள், ஆட்டம் குறைவு, லிஃப்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும். மருந்துச் சீட்டு இரண்டு நகல். ரப்பர் அடி வைத்த செருப்பு, தளம் ஈரமாகவே இருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் நுழையும் முன்னால் கை கழுவுங்கள், ஒருத்தருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கப்பலுக்கே வரும்.

"தட்டுல மலை மாதிரி போட்டுக்காதீங்க. ராத்திரியும் சோறு போடுவான், ஓடிப்போயிட மாட்டான்" என்றபோது ஹால் சிரித்தது. காப்பீடு, அவசர ஒத்திகை, குளியலறைக் கைப்பிடி என்று எட்டாவது வரைக்கும் வண்டி ஓடியது.

ஒன்பதாவதைப் பார்த்தார். அது அவர் எழுதியது அல்ல.

‘9. நடக்கச் சிரமப்படுபவர்கள் துறைமுகங்களில் இறங்க ஆசைப்படாமல் கப்பலிலேயே இருந்துவிடுவது மற்றவர்களுக்குச் செய்யும் உதவி. ஒருவருடைய காலால் நாலு பேர் கஷ்டப்படக் கூடாது.’

அச்சு மாதிரி கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. டைம்கீப்பர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்துவிட்டு, "பத்தாவது, பாஸ்போர்ட் நகல் ஒண்ணு..." என்று தாண்டிப் போனார்.

"சார், ஒரு நிமிஷம்." கணக்கு வாத்தியார் பேனாவைத் தூக்கினார். "எட்டுக்கப்புறம் பத்து சொல்றீங்க. ஒன்பது எங்கே?"

"அது... அவ்வளவு முக்கியம் இல்லை."

"முக்கியம் இல்லாததுக்கு நம்பர் எதுக்குப் போட்டீங்க? சொல்லுங்க சார், எடம் விட்டு வச்சிருக்கேன்."

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"ஒன்பது நான் எழுதினதுங்க. என் மனசு கஷ்டப்படும்னு அவர் படிக்காம விட்டுட்டார். நானே சொல்லிடறேன். என்னை மாதிரி முட்டி தேஞ்சவங்க யாராவது போறதா இருந்தா, கப்பல் நிக்கிற ஊர்ல எறங்காதீங்க. போன தடவை என்னாலதான் நாலு பேரும் கப்பலை விட்டோம். ஓவர்சியர் சார் உசிருக்கே ஆபத்தாப் போச்சு. பாவம் இவரு, என் கால் வலியைப் பார்த்து, நேரம் இருக்கு உட்காரு, நேரம் இருக்கு உட்காருன்னு மூணு எடத்துல உட்கார வச்சார். நான்தான் அதைச் சாக்கா வச்சுக்கிட்டு நல்லாக் காலை நீட்டிட்டேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை என்னைக் கடிஞ்சு பேசினது இல்லை."

கூட்டம் உச்சுக்கொட்டியது. செயலாளர் மனைவி அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். ‘எவ்வளவு நல்ல மனுஷர்’ என்று அறுபது பேரும் மேடையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை தாங்காமல் டைம்கீப்பர் கூனிக்குறுகிப் போனார். செருப்பால் அடித்திருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பார்.

"உட்காரு" என்றார் மைக்கில். "நீ உட்காரும்மா. அவ சொன்னது உண்மை இல்லை. அவளுக்குத் தெரியாது."

பர்ஸை எடுத்தார். பென்ஷன் அடையாள அட்டைக்குப் பின்னாலிருந்து நாலாக மடித்த காகிதத்தை உருவினார். எட்டு மாதத்தில் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அதை ஏன் கிழித்துப் போடவில்லை என்று அவருக்கே தெரியாது. ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு, வாட்ச்சைப் பின்னால் திருப்பியதைச் சொன்னார். மூன்று பெஞ்சுகளைச் சொன்னார். சட்டைக் கைக்குள் விரலை விட்டு முன்னால் திருப்பியதைச் சொன்னார்.

"முட்டி காரணமில்லை. ஒரு மணி நேரம் நான் தப்பாச் சொன்னேன். அதை அவ தலையில கட்டிட்டேன். டைம்கீப்பர் கப்பலை விட்டான்னு நாலு பேர் சிரிப்பாங்களேன்னு கட்டிட்டேன்."

ஓவர்சியர் எழுந்தார். மைக்கைக் கண்டு வேர்க்கிற மனுஷர் மைக் இல்லாமலே கேட்டார்.

"ஆஸ்பத்திரி வராண்டால எங்க வீட்டம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அண்ணி அழுதாங்களே, அப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

ஓவர்சியர் உட்கார்ந்துகொண்டார். அவர் வீட்டம்மா எழுந்து, இரண்டு வரிசைக்கு நடுவே நடந்து, கதவோரம் போய் டைம்கீப்பர் மனைவியின் பக்கத்தில் நின்றாள். தோளில் கை வைத்தாள்.

கணக்கு வாத்தியார் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். கெட்ட எண்ணம் கிடையாது, அவர் சுபாவம் அப்படி. "அப்ப ஒன்பதாவது என்னன்னு எழுதிக்கறது?" என்றார்.

டைம்கீப்பர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவர் மனைவிதான் சொன்னாள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"கப்பல்ல ஏறினா கப்பல் நேரம். கடைசி வரைக்கும் அதுதான். வாட்ச்சைத் தொடக் கூடாது. எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்மா."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். டைம்கீப்பர் பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் படிக்காமலே மேடையிலிருந்து இறங்கினார். வழியில் யாரும் அவரைத் தடுக்கவில்லை, யாரும் அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

தெருவில் அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வலது காலைச் சற்று இழுத்து இழுத்து, ஆனால் நிற்காமல். அவர் பத்தடி பின்னால் வந்தார். எட்டிப் பிடித்திருக்கலாம், கால் எழவில்லை. பஸ் ஸ்டாப்பில் பெஞ்சு காலியாக இருந்தது. அவள் மூச்சு வாங்குவது அவருக்குக் கேட்டது.

"கொஞ்சம் உட்காரேன்" என்றார்.

அவள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்கூட இல்லை. புதிதாக ஒருத்தரைப் பார்ப்பது மாதிரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க சொல்லி நான் உட்கார்ந்ததெல்லாம் போதும்."

அவ்வளவுதான். வீடு வரைக்கும் நடந்தே போனாள். வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டு, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டாள். தடவிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா ஊருக்கு டிக்கெட் போடுங்க. வியாழக்கிழமை வண்டி."

அவருக்கு உயிர் வந்தது. "ரெண்டு பேருக்கும் கீழ் பர்த்தாப் பார்த்துப் போட்டுடறேன். ஜங்ஷன்ல நான் பையைத் தூக்கிக்கறேன், நீ வெறுங்கையோட..."

"ஒரு டிக்கெட் போதும்."

"பத்து நிமிஷத்துல மாறணுமே. தனியா எப்படி..."

"எட்டு மாசமா என்னால முடியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். முடியுமா முடியாதான்னு நானே பார்த்துக்கறேன்."

வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குக் கூட வர மட்டும் விட்டாள். வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கையில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"அந்தக் காகிதத்தைக் கொடுங்க."

"எதுக்கு?"

"அக்காவுக்குப் படிச்சுக் காட்டணும். உன் காலால அந்த மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டம்னு எட்டு மாசமா அவளும் என்னைத்தான் திட்டிக்கிட்டு இருக்கா."

பர்ஸைத் திறந்து கொடுத்தார். அவள் அதைக் கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்து மூடினாள்.

மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் டைம்கீப்பர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஒன்று ஐம்பதுக்கு ஜங்ஷன், இரண்டு மணிக்கு அடுத்த வண்டி. ஒன்று ஐம்பத்தேழுக்குப் போன் அடித்தது.

"ஏறி உட்கார்ந்துட்டேன்" என்றாள். மூச்சு இரைத்தது. "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

"முட்டி எப்படி இருக்கு?"

"வலிக்குது."

பின்னால் யாரோ டீ விற்கிற சத்தம் கேட்டது. அவருக்கு நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. எதை எடுத்தாலும் அதைச் சொல்லும் யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று நாக்கு மடங்கியது.

"எப்ப திரும்பி வருவே?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். முப்பத்திநாலு வருஷத்தில், திரும்பும் நேரம் எழுதாமல் அவர் ஒரு வண்டியைக்கூட வெளியே அனுப்பியதில்லை.